நிலுவையில் ஒரு சுரப்பி

வியாதிகளிலும் அந்தஸ்து உண்டு. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் சர்க்கரைக்குத்தான் முதல் மரியாதை. ஒருவர் தன் மூன்று மாதச் சராசரியை, "ஒன்பது புள்ளி நாலு" என்று அறிவித்தால், "இதெல்லாம் ஒரு சர்க்கரையா? எனக்கு இன்சுலினே போட்டாச்சு" என்று அடுத்தவர் அவரை அடக்கிவிடுவார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் பேசினால் நடையை நிறுத்திவிட்டுக் கேட்போம். பைபாஸ் செய்துகொண்டவர் எங்களுக்குத் தலைவர். டீக்காசு கொடுக்க அவரை விடுவதில்லை. மூட்டு மாற்றியவர் வேட்டியைத் தூக்கித் தையலைக் காட்டுவார். ஆனால் புராஸ்டேட் என்று ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் மைதானத்தை இரண்டு சுற்று வருவதற்குள் நாலு தடவை ஓரமாக ஒதுங்குகிறார்கள். கேட்டால், "காலைல தண்ணி கொஞ்சம் அதிகமாக் குடிச்சுட்டேன்" என்பார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உள்ள சொத்து. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாலிபத்தில் சுமார் 20 கிராம் இருக்கும். ஐம்பதைத் தாண்டியபின் தலைமுடி, பல், வங்கி இருப்பு, வீட்டில் நம் பேச்சுக்கு மதிப்பு என்று சகலமும் குறையும்போது இது ஒன்றுதான் வளர்கிறது. எனக்கு 48 கிராம். முதன்முதலில் ஸ்கேன் அறிக்கையில் அதைப் படித்தபோது, வீட்டில் யாராவது பவுன் கணக்கில் சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பயந்தேன்.

எல்லாம் என் மகன் கொடுத்த பிறந்தநாள் பரிசால் வந்தது. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். பெங்களூரில் இருக்கும் பிள்ளை, அப்பா மேல் உள்ள பாசத்தில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' என்று ஒரு பேக்கேஜைக் கட்டணம் கட்டி அனுப்பிவிட்டான். காசு கட்டியதை விட முடியுமா? போனேன். ரத்தம் கொடுத்தேன். அவர்கள் கொடுத்த இட்லியும் பொங்கலும் நன்றாகவே இருந்தன. மறுநாள் வந்த அறிக்கையில் ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் 7.2. பக்கத்தில், இருக்க வேண்டியது 4-க்குள் என்று போட்டிருந்தது.

நான் அரசுத் துறை ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன். எண்ணைப் பார்த்தவுடன் அலகைப் பார்ப்பேன். மில்லிலிட்டருக்கு 7.2 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. என் சர்வீஸில் லட்சக்கணக்கில் கணக்கு இடித்தபோதுகூட நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நூறு கோடியில் ஏழு பங்குக்காக அன்று ராத்திரி முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

யூராலஜி டாக்டர் சின்ன வயதுக்காரர். என் மகனைவிட இளையவராகத்தான் இருப்பார். "பி.எஸ்.ஏ. ஏறுனாலே கேன்சர்னு இல்ல சார். சுரப்பி பெருத்திருந்தாலும் ஏறும், இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறும்" என்றார். பிறகு வரிசையாகக் கேள்விகள். மூத்திரம் போகையில் எரிச்சல் உண்டா? இல்லை. சைக்கிள் ஓட்டுவீர்களா? இல்லை. டெஸ்டுக்கு முன்னால் ரெண்டு நாளுக்குள் தாம்பத்திய உறவு ஏதாவது? பக்கத்து நாற்காலியில் என் மனைவி. நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "அதெல்லாம் இல்லீங்க டாக்டர்" என்று முடித்துவிட்டாள். அதைச் சொன்ன வேகம்தான் எனக்கு உறுத்தியது. கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது யோசித்திருக்கலாம்.

மாத்திரை சாப்பிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம். 7.6. மறுதணிக்கையிலும் அதே ஆட்சேபணை. அடுத்து எம்.ஆர்.ஐ. அதற்கு 'பை-ராட்ஸ்' என்று ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுகிறார்கள். ஒன்று என்றால் அநேகமாக ஒன்றுமில்லை, ஐந்து என்றால் அநேகமாக இருக்கிறது. எனக்கு வந்தது மூன்று. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைச் சொல்ல அவ்வளவு பெரிய மெஷினும் அந்தச் சத்தமும் எதற்கு? எங்கள் பழைய செக்‌ஷன் ஆபீசர் ஃபைலைத் திறக்காமலே எழுதுவார்.

"நாலுக்கும் பத்துக்கும் நடுவுல இருந்தா, சுமாரா நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் கேன்சர் இருக்கும். பயாப்ஸி எடுத்துப் பாத்துரலாம்" என்றார் டாக்டர். வெளியே வந்து நாள் குறிக்க வரிசையில் உட்கார்ந்தோம். மடியில் ஃபைலோடு என் வயதில் சரியாக நாலு பேர். மற்ற மூவரையும் ஒருமுறை நோட்டம் விட்டேன். அவர்களும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயாப்ஸியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குடும்பப் பத்திரிகை. இடதுபக்கமாக ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கிப் படுக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நாம் யாருக்கும் காட்டாத வாசல் வழியாக ஸ்கேன் கருவி உள்ளே போகும். மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு ஊசித் துப்பாக்கி. "சத்தம் மட்டும் கேக்கும் அங்கிள், பயப்படாதீங்க" என்று நர்ஸ் பெண் முன்கூட்டியே சொன்னாள். எங்கள் ஆபீஸின் பெரிய ஸ்டேப்ளர் கனத்த ஃபைலில் இறங்குகிற அதே சத்தம். பன்னிரண்டு துண்டு எடுப்பார்கள் என்று தெரியும் என்பதால் எண்ணிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் டாக்டர், "சாருக்கு எந்த டிபார்ட்மென்ட்?" என்று பேச்சுக் கொடுத்தார். எண்ணிக்கை தவறிப்போனது. அந்த நிலையில் கிடக்கும் ஒருவனிடம் பதவியைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

முடிந்ததும், மூத்திரத்தில் சில நாள் ரத்தம் வரலாம், காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் உடனே ஓடி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ரிசல்ட்? "ஒரு வாரம், பத்து நாள் ஆகும் சார்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. அரசாங்க ஆபீஸில் இருந்தவனுக்கு 'பத்து நாள் ஆகும்' என்பதன் உள்ளர்த்தம் தெரியும். வேலை அரை மணிதான். மீதி நாளெல்லாம் ஃபைல் ஒரு மேஜையில் தூங்கும். ஆனால் விசாரித்ததில் அப்படி இல்லை. எடுத்த துண்டுகள் முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு ஆல்கஹாலில் நீர்ச்சத்தை இழுத்துவிட்டு மெழுகில் வார்க்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். அதில் ஊதா நிறம் தருவது மெக்சிகோ பக்கத்து மரம் ஒன்றின் கட்டையிலிருந்து எடுக்கும் சாயமாம். அதற்கப்புறம்தான் பேத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பார். அவருக்குச் சந்தேகம் வந்தால் இன்னொரு வகைச் சாயம், இன்னும் சில நாள். ஆக, என்னில் ஒரு பகுதி ஆல்கஹாலில் ஊறிக்கொண்டிருந்தது. மீதிப் பகுதிக்கு வீட்டில் காபியைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் இருந்தபடி நான் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறவனுக்குப் படிக்க நேரமா இல்லை? போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு படித்தேன். டொனால்ட் க்ளீசன் என்ற அமெரிக்கப் பேத்தாலஜிஸ்ட் 1966-ல் இந்த நோய்க்கு ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார். செல்கள் தாறுமாறாக இருப்பதைப் பொறுத்து ஐந்து வரை தரம். அதிகம் காணப்படும் தரத்தை முதலிலும் அடுத்ததை இரண்டாவதாகவும் எழுதிக் கூட்ட வேண்டும். இன்றைய நடைமுறையில் ஆறுக்குக் கீழே யாருக்கும் போடுவதில்லை, உச்சம் பத்து. இதுவரை சரி. ஆனால் 3+4 ஒரு ஏழாம், 4+3 வேறொரு ஏழாம்; பின்னது முன்னதைவிட மோசமாம்! இதைப் படித்ததும் வியாதியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நம்பிவந்த கூட்டல் கணக்கை ஒரு சுரப்பி வந்து கலைக்கிறதே!

"என்னங்க, மணி மூணு."

"3+4-ம் 4+3-ம் ஒண்ணு இல்லியாம்."

"பால் கணக்கு நீங்க பாக்கும்போதும் அப்பிடித்தான் இருந்துச்சு. வெளக்க அணைங்க."

அதே 1966-ல்தான் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டருக்கு நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று கண்டவர். 1966 இந்தச் சுரப்பிக்கு ராசியான வருஷம் போலிருக்கிறது. மனிதகுலத்துக்குப் பெரிய சேவைதான். ஆனால் அவர் ஆரம்பத்தில் அந்த ஹார்மோனைக் குறைத்த முறையை, அதாவது எதை அறுத்து எறிந்தார் என்பதை, ராத்திரி மூன்று மணிக்குத் தனியாகப் படிக்கக் கூடாது. காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு விடியும்வரை படுத்திருந்தேன்.

ஆறுதலும் கிடைத்தது. 1970-ல் புராஸ்டேட்டில் இப்படி ஒரு புரதத்தை இனம்கண்ட ரிச்சர்ட் ஆப்லினே, 2010-ல், எல்லா ஆண்களுக்கும் இந்த டெஸ்டைப் போட்டுத் தள்ளுவது பெரிய பொதுச் சுகாதாரக் கேடு என்று நியூயார்க் டைம்ஸில் வெளுத்து வாங்கியிருக்கிறார். உடனே மகனுக்கு அனுப்பினேன். பேக்கேஜ் வாங்கியவன் அவன்தானே. 'அப்பா, தூங்குங்க' என்று பதில் வந்தது.

இதெல்லாம் எனக்கும் செல்போனுக்கும் இடையில். ஊருக்கு என்ன சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து கையில் பிளாஸ்திரியோடு இறங்கியபோதே எதிர்வீட்டம்மா பார்த்துவிட்டார். "என்னண்ணே, உடம்புக்கு?" புராஸ்டேட் என்றால் அது எங்கே இருக்கிறது என்பார். இடத்தைச் சொன்னால் என்ன பரிசோதனை என்பார். அதைச் சொன்னால் அந்தத் தெருவில் நான் குடியிருக்க முடியாது. கேன்சர் டெஸ்ட் என்றாலோ, சாயங்காலத்துக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குவிந்துவிடும். "கிட்னில சின்னக் கல்லு" என்றேன்.

கல்! எவ்வளவு கௌரவமான வியாதி! யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், யாரும் கண்கலங்க மாட்டார்கள். ஆனால் தமிழ்நாட்டில் கல்லடைப்புக்கு வைத்தியம் தெரியாத மனிதர் ஒருவர்கூட இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டம்மா சிறுபீளைக் கஷாயத்தோடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை சொம்பை வாங்காமல் நின்றார். நடைக்கூட்டத் தலைவர், அவருடைய பைபாஸ் அந்தஸ்துக்கு, நெருஞ்சிமுள் வாங்கிவரச் செய்தார். பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ரகசியக் குரலில் பீர் என்றார். திருமங்கலத்திலிருந்து மச்சினன் பஸ் ஏறி வந்தான், கையில் சாக்கில் சுற்றிய வாழைத்தண்டு.

"மச்சான், வெறும் வயித்துல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். எங்க ஊர்ல ஒருத்தருக்குப் புளியங்கொட்டை சைஸ் கல்லு, பத்தே நாள்ல விழுந்துருச்சு."

"சரி மாப்ள."

"கொள்ளும் ஊறப்போட்டுத் தண்ணிய வடிச்சுக் குடிங்க. மூத்திரம் நல்லாப் போகணும், அதான் கணக்கு."

மூத்திரம் நல்லாப் போவதா! ஏற்கெனவே 48 கிராம் சுரப்பி குழாயைப் பிடித்து நெருக்கிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு, நாளுக்கு இத்தனை டம்ளர் கஷாயத்தையும் சாற்றையும் கொள்ளுத் தண்ணீரையும் ஊற்றினால் என்ன ஆகும்? ராத்திரியில் நான் படுக்கைக்குப் போவதை விட்டுவிட்டேன். கழிப்பறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். உண்மை தெரிந்த ஒரே ஜீவன் என் மனைவி. அவளாவது காப்பாற்றுவாள் என்று பார்த்தால், தம்பி எதிரிலேயே தண்டை நார் எடுத்துப் பொடியாக நறுக்கி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, மிளகுப்பொடி தூவி நீட்டினாள்.

"நீங்கதானே கல்லுன்னீங்க. குடிங்க."

நோயை மறைத்தவன் நான் மட்டுமல்ல என்று சொல்லிப் பார்த்தேன். பிரான்ஸ் நாட்டு அதிபர் மித்தரான் 1981 மே மாதம் பதவிக்கு வந்தார். நவம்பரில் இதே புற்று, எலும்புவரை போய்விட்டது என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிபர் நலமாக இருக்கிறார் என்று டாக்டரை வைத்து அறிக்கை விட்டுக்கொண்டே இருந்தார். 1992-ல்தான் நாட்டுக்குத் தெரியும். 1995 வரை இரண்டு முழுப் பதவிக்காலமும் இருந்துவிட்டு, 1996 ஜனவரியில் இறந்தார்.

"அவருக்கு வாழைத்தண்டு யாரு கொடுத்தா?" என்று கேட்டாள் அவள். இதற்குச் சரித்திரத்தில் பதில் இல்லை.

அவள் மட்டும் கவலைப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். அவளுடைய கவலை என்னைக் கலந்துகொள்ளாமல் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டது. அங்கே குளத்தில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டாள், அது நியாயம். கூடவே எனக்கு மொட்டை என்றும் வேண்டியிருக்கிறாள். என் தலையில் இருப்பதே இரண்டு காதுக்கு மேலும் ஓரமாகக் கொஞ்சம். சாமிக்கு அதைக் கொடுப்பது கணக்குக் காட்டுவதற்காகக் கொடுக்கிற மாதிரி ஆகாதா என்றேன். "இருக்கிறதத்தான் கேப்பாரு" என்றாள். எப்படியும் அந்த ஊருக்குப் போகிறோம், அங்கே தெருவுக்குத் தெரு நாடி ஜோசியம் பார்க்கிறார்களே, கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் பேத்தாலஜி டாக்டருக்கு முன்னால் ரிசல்ட் தெரிந்துவிடும் என்றுகூட எனக்குத் தோன்றியது. பத்து நாள் காத்திருப்பு பகுத்தறிவுக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு பக்கம் நான் பொறுப்பான குடும்பத் தலைவனாகவும் மாறிப்போனேன். பீரோவைத் திறந்து மஞ்சப்பையிலிருந்த பத்திரங்களை, ரப்பர் பேண்ட் கட்டுகளை, செராக்ஸுக்குச் செராக்ஸ் எடுத்த தாள்களை எல்லாம் தரையில் பரப்பினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அட்டையில் 'எனக்குப் பின்' என்று எழுதி அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேஸ் புக் பண்ணுவது எப்படி, கரண்ட் பில் கட்டுவது எப்படி என்று தழுதழுத்த குரலில் சொல்லிக் கொடுத்தேன்.

"கேஸ் இத்தன வருஷமா யாரு புக் பண்றான்னு நெனச்சீங்க?"

"கரண்ட் பில்லு?"

"அதுவும் நாந்தான். உங்க செல்லுக்கு ரீசார்ஜ் பண்றதும் நாந்தான்."

எனக்குப் பின் இந்த வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்று நெடுநேரம் யோசித்தேன். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் கடைசிப் பக்கத்தில் அவள் அயர்ன்காரர் கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

போன் மட்டும் என் கையைவிட்டுப் போகவில்லை. லேபிலிருந்து கூப்பிடுவார்கள் என்று குளிக்கும்போதும் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். தெரியாத எண் வந்தால் உடம்பு உதறும். ஒருநாள் சோப்பு நுரையோடு எடுத்தால், ஒரு பெண் குரல், "சார், உங்களுக்குப் பெர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருக்கு" என்றது. வழக்கமாக வைத்துவிடுவேன். அன்று, "எத்தனை வருஷத்துல கட்டணும்மா?" என்று கேட்டேன். "அஞ்சு வருஷம் சார், அறுபது மாசத் தவணை." ஒரு பெரிய வங்கி, தன் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து, நான் இன்னும் அறுபது மாதம் இருப்பேன் என்று நம்புகிறது! அந்த வாரம் முழுக்க எனக்கு இவ்வளவு தெம்பாக யாரும் பேசவில்லை. ஏழு வருஷத் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

ஒருவழியாக அறிக்கை வந்தது. பன்னிரண்டு துண்டில் ஒன்றில், அதிலும் ஓரமாகக் கொஞ்சம், 3+3=6. கூட்டல் சரியாக இருந்ததே எனக்குப் பாதி நிம்மதி. "கேன்சர்தான் சார். ஆனா ரொம்ப மெதுவா நகர்ற வகை. இப்போதைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் டாக்டர். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் வைத்தியத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஆக்டிவ் சர்வைலன்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஒரு வருஷம் கழித்து மறுபடி அந்த ஸ்டேப்ளர். நகர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான் நம்பாமல் பார்த்ததால் அவர் ஒரு கணக்குச் சொன்னார். பிரிட்டனில் ஆரம்ப நிலையில் இருந்த 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, ஒன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்துப் பார்த்தார்களாம். 2023-ல் வந்த முடிவுப்படி, பதினைந்து வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர். மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். 2.7 சதவீதம். எங்கள் ஆபீஸில் அதைவிடப் பெரிய வித்தியாசத்தையெல்லாம் 'கண்டுகொள்ளப்பட்டது' என்று எழுதி முடித்திருக்கிறோம்.

என் மனைவிதான் முழுசாகப் புரிந்துகொண்டவள். "அதாவது டாக்டர், இவரு ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கணும். நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதானே? எங்களுக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுதானே நடக்குது."

டாக்டர் சிரித்ததைக் கட்டணத்தில் கழித்திருக்கலாம். கழிக்கவில்லை.

மொட்டை விவகாரம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. 'கேன்சர் இல்லை என்று வந்தால்' என்பதுதான் வேண்டுதலின் ஷரத்து. வந்திருப்பது இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று. ஷரத்து நிறைவேறவில்லை என்பது என் வாதம். சாமி தன் பங்குக்கு முடிந்ததைச் செய்துவிட்டார், நாம்தான் பாக்கி என்பது அவள் கட்சி. இப்படி நாங்கள் காரில் வாதாடிக்கொண்டு வரும்போதே மச்சினன் போன்.

"என்ன மச்சான், ரிசல்ட் வந்துருச்சுன்னு அக்கா சொல்லுச்சு. கல்லு விழுந்துச்சா?"

"இல்ல மாப்ள. சின்னதுதானாம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்னுட்டாங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்க பாத்தாப் போதுமாம்."

"அப்பிடியா? அப்ப நிறுத்தக் கூடாது மச்சான். நாளைக் காலைல பஸ்ல தண்டு போட்டு விடுறேன், மாட்டுத்தாவணில வாங்கிக்கங்க."